வந்தே மீனாக்ஷியும் மாலோ ஊர் மைனர்களும்

போன மாசம் அக்கா பொண்ணு கடலூர்லேருந்து வீடியோ காலில் கூப்பிட்டாள். கையில் வயலின். "மாமா, புதுப் பாட்டு, குறுக்கே பேசாம கேளுங்க" என்று மிரட்டிவிட்டு ஆரம்பித்தாள். ரெண்டே வினாடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ-க, ஸ-க என்று ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வரும் மெட்டு. வந்தே மீனாக்ஷி!

முடித்துவிட்டு, "இதை யாரு மாமா போட்டது?" என்றாள்.

"முத்துசுவாமி தீட்சிதர்" என்று டக்கென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. இதே கேள்விக்கு ஒரு காலத்தில் வேற பதில் சொல்லி, சிதம்பரத்தில் ஒரு பெரியவரை வாயடைக்க வைத்தவன் நான். அந்தக் கதையை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. இன்னிக்குச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். கொசுவர்த்திச் சுருள் சுத்தினால் பொறுத்துக்கணும் மக்களே.

1986. எனக்குப் பன்னிரண்டு வயசு. வீடு மஞ்சக்குப்பத்தில். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை காலையில் சிதம்பரம் பஸ்ஸில் ஏத்திவிட்டுவிடுவார் அப்பா. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒண்ணரை மணி நேரம். மடியில் வயலின் பெட்டி. "என்னா தம்பி, துப்பாக்கியா?" என்று கேட்காத கண்டக்டர் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்த ஆயாக்கள் மட்டும் கரெக்டா "பிடில் பொட்டி" என்பார்கள். அந்த வார்த்தையில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சார் வீடு மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைக் கல்லூரியில் படித்தவர். கச்சேரிக்காரராக வரவேண்டியவர், ஏனோ வரவில்லை. அதைப் பற்றி நாங்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று ஆறு மாசம் அரைத்து எடுப்பார். அழுதுகொண்டே அரைத்தவர்களுக்குப் பரிசு மாதிரி ஒரு பாட்டு வரும். அதுதான் வந்தே மீனாக்ஷி. "இது நோட்டு. வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுல தீட்சிதர் அம்பாளை உக்கார வெச்சது. கையைக் கழுவிட்டு வா" என்பார். கையை ஏன் கழுவணும் என்றால், வழியில் பி.முட்லூரில் வாங்கித் தின்ற கடலை மிட்டாய்.

அந்தப் பாட்டை வாசித்த அன்றைக்குத்தான் எனக்கு வயலின் வாசிக்க வரும் என்று அம்மாவுக்கு நம்பிக்கை வந்தது. எனக்கும்.

ப்ளஸ் டூவோடு வயலின் போச்சு. காலேஜ், வேலை, சென்னை. பெட்டி பரணுக்குப் போனது.

2004இல் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் சேனல் மாத்திக்கொண்டிருந்தபோது ஒரு பழைய ஆங்கிலப் படம். 'தி கொயட் மேன்'. ஜான் ஃபோர்டு 1952இல் எடுத்தது; ஜான் வேய்ன், மாரீன் ஓஹாரா. அயர்லாந்துக் கிராமம், பச்சைப் பசேல். திடீரென்று பின்னணியில்... ஸ-க, ஸ-க! சோஃபாவிலிருந்து நிமிர்ந்துவிட்டேன். எங்க சாரோட மீனாக்ஷி அங்க என்ன பண்றா?

இணையத்தில் தோண்டினேன். மெட்டின் பெயர் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. மாலோ என்பது அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் ஒரு ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஒரு வெந்நீர் ஊற்று பிரபலம். உடம்பைத் தேற்றிக்கொள்ள வரும் பணக்காரர்கள், அவர்கள் பின்னாலேயே வரும் மைனர் பசங்கள். அந்த மைனர்களின் குடியும் கூத்தும் கடனும்தான் பாட்டு. நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், 'மாலோ மைனர்கள்'.

எனக்கு வந்த குஷியைச் சொல்லி மாளாது. கண்டுபிடித்துவிட்டேனாம்! 2005 பொங்கல் லீவில் ஒரு சிடி எரித்து எடுத்துக்கொண்டு நேரே சிதம்பரம். சார் வகுப்பில் இருந்தார். எதிரே ரெண்டு குட்டிப் பசங்கள், வாசப்படியில் அவங்க அம்மாக்கள். நல்ல சபைதான் என்று எனக்குத் தோன்றியது. இருபது வருஷம் கழித்து நினைத்தாலும் காது சூடாகிறது.

சிடியைப் போட்டேன். ஐரிஷ் பிடில்காரர் பிய்த்து உதறினார். சார் முகம் மலர்ந்தது. "அட, நம்ம நோட்டு!" என்றார். நான் விடவில்லை. பாட்டின் அர்த்தத்தை வரிசையாகச் சொன்னேன். குடி, பொம்பளை, கடன்காரன். "இதைத்தான் சார் நீங்க கையைக் கழுவிட்டு வாசிக்கச் சொன்னீங்க" என்று சிரித்தேன். அம்மாக்களில் ஒருவர் பக்குன்னு சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. "பேண்டு மெட்டுன்னு தெரியும் தம்பி. இவ்ளோ தெரியாது" என்றார். பசங்களைக் கொஞ்ச நேரத்தில் அனுப்பிவிட்டார். காப்பி வந்தது. வேற ஏதோ பேசினோம்.

மூணு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில், என்னோடு படித்த ஒருத்தனைப் பார்த்தேன். புதுச்சேரியில் வயலின் வாத்தியார் ஆகிவிட்டான். "சார் இப்பல்லாம் வந்தே மீனாக்ஷி எடுக்கறதே இல்லடா. நீ என்னமோ சொன்னியாமே?" என்றான். சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் படித்தது ஜெயிப்பதற்கு. இந்தத் தடவை படித்தது எப்படியாவது தோற்பதற்கு.

தீட்சிதர் 1775இல் திருவாரூரில் பிறந்தவர். அப்பா ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு சென்னைக்குப் பக்கத்தில் மணலிக்குப் போகிறார். அங்கே முத்துகிருஷ்ண முதலியார் ஆதரவு. அவர் கும்பெனியில் துபாஷ், அதாவது வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் நடுவில் வாய். அந்த வீட்டு உறவால்தான் பசங்களுக்குக் கோட்டையில் பேண்டு கேட்கும் வாய்ப்பு. தம்பி பாலுசுவாமிக்கு அங்கேயே ஒரு ஐரோப்பியர் வயலின் சொல்லிக்கொடுத்தார். பாலுசுவாமி அந்த வாத்தியத்தைத் தரையில் உட்கார்ந்து, தலையைப் பாதத்தில் முட்டுக்கொடுத்து, தந்திகளை நம்ம ஸ-ப-ஸ-பவுக்குத் திருப்பி, கர்நாடக சங்கீதத்துக்குள் இழுத்து வந்துவிட்டார்.

இதிலும் சிக்கல் உண்டு. வயலினை முதலில் பிடித்தது தஞ்சை நால்வரில் வடிவேலு, அவர் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் கற்றார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஷ்வார்ட்ஸ் இறந்தது 1798. வடிவேலு பிறந்தது 1810. கணக்கு இடிக்குது சாமி! வடிவேலு பெரிய வித்வான், சந்தேகமே இல்லை; சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் அவருக்குத் தந்தத்தில் வயலின் கொடுத்தார். ஆனால் பாதிரியார் கதையை எவனோ ஒருத்தன் எழுத, எல்லோரும் பார்த்து எழுதிவிட்டார்கள். பஸ்ஸில் ஆயா சொன்ன 'பிடில்' என்ற சொல்லே அந்தக் கோட்டைப் பக்கத்துச் சரக்குதான்.

தீட்சிதர் அந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். சுமார் நாற்பது கிடைத்திருக்கின்றன. எல்லாம் சங்கராபரணம், கமகமே கிடையாது. இங்கிலீஷ் 'நோட்' நம்ம வாயில் 'நோட்டு' ஆகி, நோட்டுஸ்வரம் ஆனது. சுப்பராம தீட்சிதர் 1905இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட 'பிரதமாப்யாஸ புஸ்தகம்' என்ற ஆரம்பப் பாட நூலில் இவற்றில் பல அச்சேறின. சின்னப் பசங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எங்க சார் சொந்தமாகக் கண்டுபிடித்ததில்லை.

'சந்ததம் பாஹிமாம்' என்று ஒரு நோட்டு. மெட்டு, பிரிட்டிஷ் ராஜாவுக்கான வாழ்த்துப் பாட்டு. அதையாவது ஒரே ஆள் போட்டாரா என்றால் அதுவும் இல்லை. 1744இல் லண்டனில் அச்சாகி, 1745இல் ட்ரூரி லேன் நாடகக் கொட்டகையில் பாடி ஊர் முழுக்கப் பரவியது. போட்டது ஜான் புல்லா, ஹென்றி கேரியா என்று அவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அதே மெட்டில் அமெரிக்காக்காரன் ஒரு தேசபக்திப் பாட்டு வைத்திருக்கிறான். லீக்டன்ஸ்டைன் என்கிற குட்டி நாட்டுக்கு இன்றைக்கும் அதுதான் தேசிய கீதம். தீட்சிதர் மட்டும் அதில் ராஜாவைத் தூக்கிவிட்டு சியாமளையை உட்கார வைத்தார். (இதை நினைத்தால் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் :-))

சரி, நம்ம மைனர்களிடம் வருவோம். ரேக்ஸ் ஆஃப் மாலோ அச்சில் தென்படுவது 1740களில். அதுவும் அயர்லாந்தில் இல்லை, லண்டனில் அச்சான மெட்டுத் தொகுப்புகளில். ஸ்காட்லாந்தில் இதே மெட்டுக்கு வேற பெயர். 'சாண்டி தன் பொடி டப்பாவை அந்த ஆளுக்கு இரவல் கொடுத்தான்' என்று அர்த்தம் வரும். மைனரும் இல்லை, மாலோவும் இல்லை, வெறும் மூக்குப்பொடி! இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஹெடிங்டன் குவாரி என்று ஒரு கிராமம். காலில் சலங்கை கட்டிக்கொண்டு கழியோடு கழி தட்டி ஆடும் ஆட்டத்துக்கு இதே மெட்டு. கிட்டத்தட்ட நம்ம கோலாட்டம்தான். அவர்கள் ஊர்ப் பெயரையே மாற்றி 'ரிக்ஸ் ஆஃப் மார்லோ' ஆக்கிவிட்டார்கள். மார்லோ தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் இங்கிலீஷ் ஊர். செசில் ஷார்ப் என்பவர் 1899 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அந்த ஊர் ஆட்டக்காரர்களைப் பார்த்து, வில்லியம் கிம்பரிடம் மெட்டுகளை எழுதிக்கொண்டார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் புத்தக வேலையில் இருந்ததும் ஏறக்குறைய அதே சமயம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு படித்த பிறகு ஒரு கடலூர்க்காரனுக்கு வரக்கூடிய சபலம் எனக்கும் வந்தது. மெட்டு எங்க ஊர் வழியா வந்திருக்குமோ?

தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை. கும்பெனி 1690இல் மராட்டியர்களிடம் வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலம் சொந்தம் என்று பேசி, சுட்டு, விழுந்த இடத்தையெல்லாம் வளைத்துக்கொண்டார்கள்; குண்டு கிராமங்கள் என்றே பெயர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது சோழமண்டலக் கரையில் கும்பெனிக்குத் தலைநகரமே கடலூர்தான், 1752 வரை. மெட்டு லண்டனில் சுடச்சுட அச்சான அதே காலம். கப்பலில் ஒரு பிடில்காரன், சில்வர் பீச் மணலில் ஒரு சாயங்காலம்... சாட்சி கேட்காதீங்க. ஊர்ப் பாசம்.

சாட்சி உள்ள கதையும் ஒன்று இருக்கிறது. நான் ஞாயித்துக்கிழமை கடலை மிட்டாய் வாங்கின பி.முட்லூரிலிருந்து கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1, அங்கே ஹைதர் அலிக்கும் சர் அயர் கூட்டுக்கும் சண்டை. அதற்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஜூன் 18, ஹைதர் ஆட்கள் காவல் இருந்த சிதம்பரம் கோயிலை கூட் தாக்கி, உதை வாங்கித் திரும்பியிருந்தார். பரங்கிப்பேட்டையில் அவர் படையில் ஸ்காட்லாந்து ஹைலேண்டர்கள், 73ஆம் ரெஜிமென்ட். குண்டு பறக்கும்போதும் அவர்கள் பை வாத்தியக்காரன் ஊதுவதை நிறுத்தவில்லையாம். கூட் சந்தோஷப்பட்டு, உனக்கு வெள்ளியில் வாத்தியம் என்று கத்தினாராம். அதற்காக ஐம்பது பவுன் கொடுத்ததாக ரெஜிமென்ட் வரலாறு பெருமையாகச் சொல்கிறது. இந்த கூட் யாரென்றால் அயர்லாந்தில் லிமெரிக் மாவட்டத்துக்காரர். பக்கத்து மாவட்டம் கார்க். அதாவது மாலோ!

அன்றைக்குத் தீட்சிதருக்கு ஆறு வயசு. பரங்கிப்பேட்டையிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தெற்கே திருவாரூரில் இருந்திருப்பார். அவர் காதில் மெட்டு விழ இன்னும் பல வருஷம் ஆகணும், கோட்டைக்குப் போகணும். ஆனால் அந்த மெட்டைச் சுமந்து வந்த மாதிரி ஆட்கள் நான் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போன ரோடுக்குப் பக்கத்திலேயே செத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது சிடி எரித்த குஷி வரவில்லை.

2009இல் இதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு திரும்பவும் சார் வீட்டுக்குப் போனேன். சாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பாடம் நின்று ஒரு வருஷம் ஆச்சு என்றார் அம்மா. நான் மூச்சு விடாமல் சொன்னேன். லண்டன், பொடி டப்பா, சலங்கை, பரங்கிப்பேட்டை. பொடி டப்பா வரும்போது சார் சிரித்தார். "அப்ப அவனுங்களுக்கே இரவல்தானா?"

"ஆமா சார். அதனால நீங்க அந்தப் பாட்டை நிறுத்தியிருக்க வேண்டியதில்ல. நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு சார்."

சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்காக நிறுத்தினேன்னு யாரு சொன்னா?"

நான் முழித்தேன்.

"குடிகாரன் பாடினா என்ன, தீட்சிதர் வேணும்னு எடுத்தாருல்ல. நீ கொடுத்துட்டுப் போன சிடி... அந்தப் பய வாசிச்ச வேகத்துக்கு வாசிச்சுப் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். விரல் வரல." இடது கையை விரித்துக் காட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியே இருந்தன. "பசங்களுக்கு மெதுவா சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அவன் வேகம் காதுல கேட்டுக்கிட்டே இருந்தது. அதான் வேணாம்னு விட்டுட்டேன்."

இதற்கு என்ன பதில் சொல்ல? அம்மா காப்பியோடு வந்து நின்றார். அவருக்கும் இது புதுச் செய்தி என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சார் அந்த சிடியை எடுத்துவரச் சொன்னார். நாலு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தார். போட்டோம். கண்ணை மூடிக் கேட்டவர் பாதியில் நிறுத்தினார். "இவன் கமகம் வெக்கறான், கவனிச்சியா? சின்னதா, ஒரு சுழி சுழிச்சுட்டு வரான். தீட்சிதர் இதைப் பிடில்ல கேட்டிருந்தா அந்தச் சுழிய விட்டிருப்பாரா? பேண்டுலதான் கேட்டிருக்காரு. பித்தளை, குழல். அதான் மொட்டையா இருக்கு."

நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சேர்த்த நோட்டுப் புத்தகத்தில் இது இல்லை.

"பெட்டிய எடு" என்றார். சாரோட வயலின். பிரடையை அவரால் திருக முடியவில்லை. நான் திருக, அவர் காதால் சேர்த்தார். ராஸின் கட்டி காய்ந்து உடைந்திருந்தது. நான் வில்லைத் தொட்டுப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. "சார், எனக்கு வராது சார்" என்றேன். "கையைக் கழுவிட்டு வா" என்றார்.

கழுவிவிட்டு வந்தேன். ஸ-க, ஸ-க. முதல் வரி எப்படியோ தேறியது. ரெண்டாவது வரியில், அந்த ஐரிஷ்காரர் ஞாபகத்தில், நிஷாதத்தில் லேசாக ஒரு சுழி போட்டுப் பார்த்தேன். சார் தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"நி-ல ஏன் அசைக்கறே? தீட்சிதர் காதுல விழுந்தது பேண்டு. மறுபடி எடு."